செப்பனிடுவதா, விடைகொடுப்பதா? பழைய வண்டியின் வரவு செலவுக் கணக்கு

மும்பை மாநகரின் அடையாளமாகப் பல்லாண்டுகள் ஓடிய பிரீமியர் பத்மினி டாக்சி, 2023 அக்டோபர் 30 அன்று அதிகாரபூர்வமாக ஓய்வு பெற்றது. கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும் கொண்ட அவ்வகை டாக்சிகளில் கடைசியானது, தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 2003 அக்டோபர் 29 அன்று பதிவு செய்யப்பட்டது. இந்நகரில் டாக்சிகளுக்கு 2008இல் 25 ஆண்டு வயது வரம்பு விதிக்கப்பட்டது. 2013இல் அது 20 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஆகவே அந்தக் கடைசி வண்டிக்கு விடைகொடுக்கும் நாள் பத்தாண்டுகளுக்கு முன்பே நாட்காட்டியில் குறிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே வரிசை கட்டி நின்ற அந்த டாக்சிகளில், பூக்கூடையுடனும் காய்கறிப் பையுடனும் ஏறிச் சென்ற தலைமுறை நம்முடையது. குர்லா ஆலையில், இத்தாலிய ஃபியட் 1100 காரின் வடிவமைப்பில் உருவான வண்டி அது. 2000ஆம் ஆண்டை ஒட்டி உற்பத்தி நின்றுபோன பிறகும், அது இருபதாண்டுகளுக்கு மேல் எப்படி ஓடியது? எளிமையான எஞ்சின், குர்லாவின் பழைய உதிரிபாகக் கடைகளில் எளிதில் கிடைத்த பாகங்கள், கண்ணை மூடிக்கொண்டும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் ஆகிய மூன்றுமே காரணம். அது நின்றதற்கும் இரும்பு இற்றுப்போனது மட்டும் காரணமன்று. பாகங்கள் அரிதாயின; அதை அறிந்த கைகள் குறைந்தன; இறுதியில் சட்டம் கதவைச் சாத்தியது.

ஒரு வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் வயது மட்டுமே அன்று என்பதைச் சொல்லவே இந்த முன்னுரை. பழுதாகி நிற்கும் பழைய வண்டியைச் செப்பனிடுவதா, விற்பதா என்ற கேள்வி, பலரது இல்லங்களில் ஏதேனும் ஒரு நாள் எழத்தான் செய்யும். அதற்கு விடை காண உதவும் கணக்கை, அண்மையில் என் மேசைக்கு முன் நடந்த ஓர் உரையாடலிலிருந்து தொடங்குகிறேன்.

நகைக்கடன் மேசையில் ஒரு சங்கிலி

தாராவியில் இட்லி மாவு அரைத்து விற்கும் வாடிக்கையாளர் ஒருவர், ஒரு திங்கட்கிழமை காலை மனைவியின் தங்கச் சங்கிலியுடன் கிளைக்கு வந்தார். பூர்வீகம் திருநெல்வேலி மாவட்டம். பத்தாண்டுகள் மிதிவண்டியிலும் பின்னர் ஸ்கூட்டரிலும் மாவு சுமந்தவர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சுமை ஏற்றும் மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கினார். மாட்டுங்கா, சயான், செம்பூர் பகுதிகளின் கடைகளுக்கு விடியற்காலையில் மாவு கொண்டு சேர்ப்பது அந்த வண்டிதான். 

“சார், இந்தச் சங்கிலிக்கு எவ்வளவு கிடைக்கும்? வண்டி எஞ்சின் போயிட்டு. ஐம்பத்தெட்டாயிரம் கேக்காங்க.”

“எடுத்து வையுங்க அண்ணாச்சி, பார்க்கலாம். இதுக்கு முன்னாடி வண்டிக்கு எவ்வளவு செலவாச்சு?”

அவர் ஒரு நெகிழிப் பையிலிருந்து ரசீதுகளை எடுத்து அடுக்கினார். கிளட்ச், சஸ்பென்ஷன், டயர், இரண்டு முறை பேட்டரி, ஒரு முறை எஞ்சின் மேல்வேலை. கூட்டிப் பார்த்தபோது பதினெட்டு மாதங்களில் 47,000 ரூபாய்.

“இவ்வளவு போட்டாச்சே சார், இப்போ விட்டா அத்தனையும் வீண்தானே?”

பழைய வண்டி வைத்திருப்போரைத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும் வாசகம் இதுதான். வணிகவியல் வகுப்பில் இதை ‘மீளாச் செலவு’ என்று படித்தோம். செலவழித்த 47,000 ரூபாய், வண்டியைச் செப்பனிட்டாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. ஆகவே அது இன்றைய முடிவுக்குள் வரக் கூடாது. பழைய ரசீதுகளுக்கு ஒரே ஒரு பயன் உண்டு: வருங்காலச் செலவு எப்படி இருக்கும் என்பதற்கு அவை சாட்சி. கழிந்த செலவை நினைத்து மனம் வருந்துவது இயல்பு. அந்த வருத்தத்துக்காக மீண்டும் பணம் கட்டுவது நியாயமன்று.

ஒப்பிட வேண்டியது எதை எதனோடு?

“வண்டியின் விலையே இவ்வளவுதான், அதற்கு மேல் பழுதுபார்க்கச் செலவிடலாமா?” என்று பலர் கேட்பர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியையும் துணைக்கு அழைப்பர். இது முதற்கட்ட எச்சரிக்கையாக நல்லது, முழுக் கணக்காகாது. ஒப்பிட வேண்டியது பழுதுச் செலவையும் வண்டியின் விலையையும் அன்று. இந்த வண்டியை இன்னும் சில காலம் ஓட்டுவதற்கு மாதம் எவ்வளவு ஆகும், அதற்குப் பதிலாக வேறொன்றை வைத்து ஓட்டுவதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்ற இரண்டையுமே ஒப்பிட வேண்டும்.

வாடிக்கையாளரும் நானும் ஒரு தாளில் இப்படி எழுதினோம். அவர் விசாரித்து வந்த தொகைகள் இவை: வண்டியை உள்ளபடியே விற்றால் 35,000 ரூபாய் கிடைக்கும். பழுதுபார்க்க 58,000. செப்பனிட்டால் மேலும் இரண்டு ஆண்டு ஓடும். அதன் பின் விற்றால் சுமார் 30,000 கிடைக்கலாம்.

முதல் வழி, செப்பனிடுதல். இன்று விற்றால் கைக்கு வரும் 35,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, மேலும் 58,000 போடுகிறார். மொத்தம் 93,000. இரண்டு ஆண்டு கழித்துத் திரும்புவது 30,000. தேய்மானம் 63,000, அதை 24 மாதங்களுக்குப் பகுத்தால் மாதம் 2,625 ரூபாய். எஞ்சின் புதிதானாலும் கியர்பாக்ஸும் மற்றவையும் ஒன்பது வயதுடையவை. எனவே மாதப் பராமரிப்புக்கு 2,000 ரூபாய் ஒதுக்கினோம்.

இந்த இடத்தில் நான் கேட்டேன்: “மாசத்துல எத்தனை நாள் வண்டி நிக்குது அண்ணாச்சி?”

அவர் யோசித்தார். இதுவரை மாதம் நான்கு நாள் என்றார். எஞ்சின் வேலை முடிந்தபின் இரண்டு நாளாகக் குறையலாம் என்றார். ஒரு நாள் விநியோகம் தவறினால் அவருக்கு இழப்பு 1,200 ரூபாய். இரண்டு நாளுக்கு 2,400. அரைத்த மாவு காத்திருக்காது, புளித்துப்போகும். கடைக்காரரும் இரண்டு முறை பொறுப்பார், மூன்றாம் முறை வேறொருவரிடம் வாங்குவார். ரசீதே இல்லாத இந்தச் செலவுதான் அந்த நெகிழிப் பையில் இல்லாத பெரிய செலவு. ஆக முதல் வழியின் மாதச் செலவு 2,625, 2,000, 2,400 சேர்ந்து 7,025 ரூபாய்.

இரண்டாம் வழி, மாற்றுதல். புதிய வண்டி 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். முன்பணம் 60,000 போக 2,40,000 கடன். ஆண்டு வட்டி 11 விழுக்காடு, தவணைக் காலம் 4 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 6,203 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 57,744. நான்கு ஆண்டு கழித்து வண்டி 1,20,000க்கு விலைபோகும் எனில் தேய்மானம் 1,80,000. தேய்மானமும் வட்டியுமாக 2,37,744. மாதம் 4,953 ரூபாய். பராமரிப்பு 800, காப்பீட்டில் கூடுதல் 700. மொத்தம் 6,453.

வேறுபாடு மாதம் 572 ரூபாய்தான். ஆனால் நிற்கும் நாள் என்ற ஒரு வரியை அடித்துவிட்டால் விடை தலைகீழாகிவிடும்: பழைய வண்டியின் செலவு 4,625 ஆகக் குறைந்து, செப்பனிடுவதே இலாபம் என்றாகும். பிழைப்புக்கு ஓடும் வண்டிக்கும் வீட்டுத் தேவைக்கு நிற்கும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாம் வழியும் உண்டு: மூன்று நான்கு ஆண்டு ஓடிய வண்டியை வாங்குவது. முதல் ஆண்டுகளின் பெரும் தேய்மானத்தை முந்தைய உரிமையாளர் ஏற்றிருப்பார். ஆனால் பழைய வாகனக் கடனுக்கு வட்டி பொதுவாகக் கூடுதல், தவணைக் காலமும் குறைவு. இதே தாளில் அதற்கும் ஒரு பத்தி எழுதிப் பார்ப்பது நலம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

கணக்கு சரியாக இருக்க, அதில் இடும் தொகை சரியாக இருக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் போட்ட பிறகு பேரம் பேச முடியாது. எனவே பிரிப்பதற்கு முன்பே,

– பழுது எது, அதன் காரணம் எது என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். சூடேறி நின்ற வண்டிக்குக் கேஸ்கெட் மட்டும் மாற்றி, சூடேறியதற்குக் காரணமான ரேடியேட்டரை விட்டுவிட்டால், அதே பழுது மீண்டும் வரும்.

– உடனடியாகச் செய்ய வேண்டியவை, ஆறு மாதம் பொறுக்கக் கூடியவை, விருப்பமிருந்தால் செய்யலாம் என்பவை என மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

– புதிய பாகமா, பழைய பாகமா, எவ்வளவு காலப் பொறுப்பு என்பதை ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள்.

– முதலாமவருக்குத் தொடர்பில்லாத இன்னொருவரிடம் இரண்டாம் மதிப்பீடு வாங்குங்கள்.

– இந்த வகை வண்டிக்குப் பாகங்கள் இன்னும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கேளுங்கள். பத்மினியின் கதை இங்கேதான் பயன்படும்.

காப்பீடு எதைத் தரும், எதைத் தராது?

“காப்பீடு இருக்கிறதே” என்ற நம்பிக்கையுடன் வருவோர் பலர். வழக்கமான வாகனக் காப்பீடு விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. தேய்மானமும், எந்திர அல்லது மின்பழுதும் அதில் அடங்கா. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது.

விபத்தில் சேதமான பழைய வண்டிக்கு இரண்டு விதிகள் நினைவில் இருக்கட்டும். பழுதுச் செலவு, காப்பீட்டில் குறித்த வாகன மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது முழு இழப்பாகக் கருதப்படும். அடுத்து, மாற்றப்படும் பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்கப்படும்: ரப்பர், நெகிழிப் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50 விழுக்காடு, உலோகப் பாகங்களுக்கு, வண்டி 5 ஆண்டைத் தாண்டி 10 ஆண்டுக்குள் எனில் 40, பத்தைத் தாண்டினால் 50 விழுக்காடு. ஆகவே காப்பீடு உள்ள பழைய வண்டிக்கும் செலவில் ஒரு பெரும்பகுதி நம் கையிலிருந்தே போகும்.

மும்பைவாசிகளுக்கு மழைக்காலக் குறிப்பு ஒன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. அந்த அளவு மழை தேவையில்லை. சாதாரண ஜூலை மழையிலேயே கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் முன் நீர் தேங்கும். நீரில் நின்ற வண்டியை மீண்டும் இயக்க முயன்றால் நீர் எஞ்சினுக்குள் புகுந்து உள்பாகங்கள் வளையும். அதைப் பின்விளைவுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் மறுக்க இடமுண்டு. எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு எடுத்திருந்தால்தான் நம்பிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் என் பதினோரு வயதுக் கார் அங்கேதான் நின்றது. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், சாவியை மறுபடி திருப்பாமல் இறங்கியது.

அந்தக் காருக்கு முதலில் கேட்ட மதிப்பீடு 52,000 ரூபாய். செம்பூரில் இரண்டாமவர் பார்த்து, எண்ணெய்களையும் வடிகட்டிகளையும் மாற்றி, உள்ளே உலர்த்தி, சில மின்னிணைப்புகளைச் சரிசெய்தால் போதும் என்றார், 19,000 ஆயிற்று. அதே அளவுள்ள புதிய கார் 7 லட்சம். 2 லட்சம் முன்பணம் போக 5 லட்சத்துக்கு 9 விழுக்காட்டில் 5 ஆண்டுக் கடன் எனில் மாதத் தவணை 10,379 ரூபாய். வட்டி மட்டும் 1,22,000க்கு மேல். பழுதுச் செலவு இரண்டு தவணைக்கும் குறைவு. வார இறுதிகளிலும், தந்தையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவுமே ஓடும் கார் ஒரு நாள் நின்றால், இழப்பு ஒரு டாக்சிக் கட்டணம். எனவே செப்பனிட்டேன். அந்தக் கார் இன்றும் ஓடுகிறது.

சட்டம் வைக்கும் வரம்பு

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் இப்புதுப்பிப்புக் கட்டணம் இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ஆகவும், காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும் உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் இது மேலும் உயர்ந்து, முறையே 2,000, 10,000 ஆயிற்று. மகாராஷ்டிரத்தில் பழைய வண்டிகளுக்குச் சுற்றுச்சூழல் வரியும் உண்டு. சரக்கு வண்டி போன்ற வணிக வாகனங்களுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை.

ஆகவே 13 அல்லது 14 வயதான வண்டிக்குப் பெரும் செலவு செய்யுமுன், அடுத்த புதுப்பிப்பு எப்போது, அதற்கு உடல்பகுதியில் வேறு வேலையும் தேவைப்படுமா என்று பாருங்கள். இன்றைய எஞ்சின் செலவும் அடுத்த ஆண்டின் தகடு வேலையும் வெவ்வேறு செலவுகள் போலத் தோன்றும்; கணக்கில் இரண்டும் ஒன்றே.

பங்கார்க் கடைக்கா, பதிவு பெற்ற நிலையத்துக்கா?

விற்பதற்கும் தகுதியற்ற வண்டியைத் தெருமுனைப் பங்கார்க் கடையில் எடைக்குப் போடுவது பலர் வழக்கம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய காலத்தின் தொடர்ச்சி அது. ஆனால் வண்டி உடைக்கப்பட்டாலும் அதன் பதிவு தானாக மறைவதில்லை. பயன்படுத்த இயலாதபடி அழிந்த வண்டி குறித்து 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை நீக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். நீக்காவிட்டால் நம் எண்பலகை வேறொரு வண்டியில் ஏறும் அபாயம் உண்டு.

2021 ஆகஸ்டில் அறிமுகமான வாகன அழிப்புக் கொள்கையின்படி, பதிவு பெற்ற அழிப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தால் ‘வைப்புச் சான்றிதழ்’ ஒன்று தருவர். வங்கி வைப்புப் போல வட்டி வராது, எனினும் பயனுண்டு. அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணம் தள்ளுபடியாகும். சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரையும் வணிக வண்டிக்கு 15 விழுக்காடு வரையும் சலுகை தர மாநிலங்களுக்கு வழிவகை உள்ளது. சலுகையின் அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வாங்குமுன் கேட்டறிக.

விற்றால் பெயரையும் மாற்றுங்கள்

நம் வாடிக்கையாளர் இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொன்னார். மிதிவண்டிக்குப் பின் வைத்திருந்த ஸ்கூட்டரைத் தெரிந்த ஒருவருக்குக் கைம்மாற்றாகக் கொடுத்தார், பெயர் மாற்றவில்லை. ஈராண்டு கழித்து, அவர் பார்த்திராத ஊரிலிருந்து அபராத அறிவிப்பு வந்தது. அபராதத்தோடு போயிற்றே என்று நிம்மதி கொள்ள வேண்டியதுதான். ஏனெனில் 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவர் மீதே விழும்.

எனவே விற்கும்போது, படிவம் 29, படிவம் 30 இரண்டையும் நிறைவு செய்து, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். வேறு பதிவு எல்லைக்குச் செல்லும் வண்டிக்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்று தேவைப்படும். வண்டி கடனில் வாங்கியதாயின், கடன் முடிந்ததும் வங்கி தரும் சான்றையும் படிவம் 35ஐயும் கொடுத்து அடைமானக் குறிப்பை நீக்க வேண்டும். கடன் தீர்த்துப் பல ஆண்டு கழித்தும் இக்குறிப்பை நீக்காமல், விற்கும் அன்று ஓடி வருவோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். வணிகர் வழியே விற்பதாயின், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி அவர் பதிவு பெற்ற வாகன வணிகரா என்று பார்த்து, வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை இணையவழி பதிவேற்றச் செய்யுங்கள். ஃபாஸ்டேக் கணக்கை முடித்து மீதித் தொகையைப் பெறுங்கள்.

இன்னொன்று: ஐந்து ஆண்டு இழப்பீடு கோராதவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில், சொந்தச் சேதப் பகுதிக்கு 50 விழுக்காடு வரை தள்ளுபடி சேர்ந்திருக்கும். அது வண்டிக்கன்று, உரிமையாளருக்கு உரியது. விற்றபின் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்று பெற்றால், மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்கு அது செல்லும்.

முடிவும் மூடிய பையும்

வங்கி அலுவலர் கடன் வாங்கத்தானே சொல்வார் என்று வாசகர் எண்ணக்கூடும். ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: தவணை கட்ட இயலாத கடன், வாங்குபவருக்கும் வங்கிக்கும் ஒருசேரச் சுமை. மாதாந்திரத் தவணைகள் அனைத்தும் சேர்ந்து வருமானத்தில் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு மாதம் வருமானம் நின்றாலும் தவணை கட்டக் கையிருப்பு உண்டா என்று பாருங்கள். இரண்டுக்கும் விடை நிறைவாக இல்லையெனில், கணக்கு எதைச் சொன்னாலும் சிறு செலவில் பழுது நீக்கி, ஓராண்டு சேமித்து, பிறகு மாற்றுவதே விவேகம். பழுதுச் செலவைக் கடன் அட்டையில் போட்டுத் தவணையாக நீட்டுவது, வண்டியின் பழுதைக் குடும்பக் கணக்குக்கு மாற்றுவதாகும்.

நம் வாடிக்கையாளருக்கு மாதம் 26 நாள் விநியோகம். நாளுக்கு 1,200 வீதம் 31,200 ரூபாய் மிச்சம். தவணை 6,203 அதில் ஐந்தில் ஒரு பங்கு. கடைகளுக்குக் கொடுத்த கணக்குப் புத்தகமும் வங்கி வரவும் ஒத்துப்போயின. முத்ரா திட்டத்தின் கீழ், பிணை ஏதுமின்றிக் கடன் பெற அவர் தகுதியுடையவர். பழைய வண்டியின் 35,000 ரூபாயும், தொடர் வைப்பில் முதிர்ந்திருந்த 25,000 ரூபாயும் முன்பணம் ஆயின.

சங்கிலி அன்றே வீட்டுக்குத் திரும்பியது. தாளை மடித்து ரசீதுப் பையில் வைத்தவர், எழுந்துபோகும்போது கேட்டார்: “விக்கிறதுக்கு முன்னாடி அந்த வண்டியை ஒரு தடவை செம்பூர் முருகன் கோயில் வரைக்கும் ஓட்டிட்டுப் போகலாம்னு பாக்கேன். அதுக்குக் கணக்கு உண்டா சார்?”

“வண்டி ஓடினாத்தானே அண்ணாச்சி?” என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் சென்று கழுவி, மாலை போட்டுத்தான் வணிகரிடம் ஒப்படைத்தார் என்று கேள்விப்பட்டேன். படிவங்களில் கையொப்பமிட்டதற்கான நகலும் என்னிடம் காட்டினார்.

பத்மினி டாக்சிகளுக்கு விடைகொடுத்தபோது மும்பைவாசிகளும் கலங்கினார்கள். உழைத்த பொருளின் மீது பற்று வைப்பது பிழையன்று. அந்தப் பற்று மாலையாக இருக்கட்டும். அடகு வைத்த சங்கிலியாக வேண்டாம். உங்கள் வண்டி அடுத்த முறை நின்றால், ஒரு தாளை எடுங்கள். கழிந்த செலவை விடுங்கள். இரு வழிகளின் மாதச் செலவை எழுதுங்கள். வண்டி நிற்கும் நாளையும் விலை போட்டுச் சேருங்கள். விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.